பெல்லட், மண்புழு, உறைந்த கட்டி: ஆக்ஸலாட்டலுக்கு எது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை

ஆக்ஸலாட்டலுக்கென்று, அதாவது தலைக்கு வெளியே விரிந்த செவுளோடு வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் சாலமாண்டர் வகை விலங்குக்கென்று, நான் தொடர்ந்து வாங்குவது மூன்று வகை உணவுதான்: தண்ணீரில் மூழ்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீனி, உயிருள்ள மண்புழு, உறையவைத்த ப்ளட்வார்ம் என்ற செம்புழுக் கட்டி. வீட்டில் இரண்டு தொட்டிகள். பெரியதில் முத்து, வெள்ளை உடம்பு, கறுப்புக் கண், மூக்கிலிருந்து வால்நுனி வரை 23 செ.மீ. சின்னதில் கரியன்; இன்னும் 10 செ.மீ.கூட நிறையாத குட்டி. சேர்த்து விட்டால் முத்து கரியனின் காலையோ செவுளையோ கவ்விவிடும், அதனால் தனித்தனிக் குடித்தனம். இரண்டும் தின்னும் அளவு வேறு, இடைவெளியும் வேறு. ஆனால் பெல்லட் டப்பாவில் எழுதியிருக்கும் அளவு இரண்டுக்கும் ஒன்றேதான். என் மனக்குறையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டப்பாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிட்டத்தட்ட எல்லா டப்பாவிலும் இதே கதைதான் என்பதால் பெயர் தேவையும் இல்லை. முன்பக்கம் செவுள் விரித்துச் சிரிக்கும் ஆக்ஸலாட்டல் படம். பின்பக்கம் திருப்பினால், "தினமும் இரண்டு மூன்று வேளை, ஐந்து நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு" என்று இருக்கிறது. இது மீனுக்கு எழுதிய வாக்கியம். மீன் கூட்டமாக வந்து கொத்தும், நிறுத்தும், மறுபடி கொத்தும். அங்கே ஐந்து நிமிடக் கணக்குக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆக்ஸலாட்டல் அப்படித் தின்பதில்லை. ஒன்றை விழுங்கிவிட்டு, ஏதோ யோசனையில் இருப்பதுபோல் அசையாமல் நிற்கும். இரண்டு நிமிடம் கழித்து அடுத்தது. பக்கத்திலேயே கிடக்கும் பெல்லட்டைக் கண்டுகொள்ளாமல் திரும்பிப் போவதும் உண்டு. இதற்கு ஐந்து நிமிடக் கணக்குப் போட்டால் ஒரு நாள் பட்டினி, ஒரு நாள் தொட்டி முழுக்கக் கஞ்சி.

ஆனாலும் பெல்லட் மோசமான பொருள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆக்ஸலாட்டல் வளர்ப்பவர்களில் பலருக்கு பெல்லட் என்றாலே ஓர் இளக்காரம். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காக ஆக்ஸலாட்டல்களை வளர்த்து அனுப்பும் பெரிய நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வளர்ந்த விலங்குகளுக்குப் போடுவது சால்மன் மீன் பண்ணைகளுக்காகச் செய்யும் மென்மையான பெல்லட்தான். தலைமுறை தலைமுறையாக அதைத் தின்று முட்டையிட்டுப் பெருகுகின்றன. எனவே கேள்வி, எந்த பெல்லட் என்பதும் எவ்வளவு என்பதும்தான்.

நான் வாங்கும்போது பார்ப்பது இவ்வளவே. மூழ்க வேண்டும், மிதப்பது வேண்டவே வேண்டாம், மேலே வந்து கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு வயிறு உப்பி மிதக்கும். பொருட்பட்டியலில் முதலில் மீன் மாவோ இறால் மாவோ இருக்க வேண்டும், கோதுமையோ சோயாவோ அல்ல. புரதம் 40 சதவீதத்துக்கு மேல். கடைசியாக, ஊறினால் மெத்தென்று ஆக வேண்டும். இந்தக் கடைசியை டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தண்ணீரில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

புது டப்பா வந்தால் நான் முதலில் செய்வது அதுதான். கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, இரண்டு பெல்லட் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுவேன். இப்போதைய டப்பாவில் இருப்பது போட்ட உடனே அடிக்குப் போகிறது. கால் மணி நேரத்தில் ஓரம் மங்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முதலில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு ஊதிவிடுகிறது. மூன்று மணி நேரத்தில் டம்ளரை லேசாக ஆட்டினாலே பொடிப்பொடியாக உதிர்கிறது. அடுத்த நாள் காலை அதன் மேல் பஞ்சு ஒட்டினாற்போல் பூஞ்சை, தண்ணீரில் ஒரு வாடை. இந்த டம்ளரைப் பார்த்த பிறகு மிச்ச பெல்லட்டைத் தொட்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போக யாருக்கும் மனசு வராது. உதிர்ந்த புரதம் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும் என்பது சரி, ஆனால் அவற்றுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. ஆக்ஸலாட்டலின் தோல் ஈரப்பசை மட்டும் போர்த்திய மெல்லிய தோல், செவுளோ தண்ணீரில் அப்படியே விரிந்து கிடக்கிறது. அம்மோனியா ஏறினால் முதல் அடி அங்கேதான்.

ஊதும் விஷயத்தில் இன்னொன்று. காய்ந்த பெல்லட்டை எண்ணி ஆறு போட்டால் வயிற்றுக்குள் போய்ச் சேர்வது ஒன்பதுக்குச் சமமான கனம். அதனால் நான் தொட்டித் தண்ணீரிலேயே ஓரிரு நிமிடம் நனைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஊறியதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கை தானாகவே இரண்டைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, எவ்வளவு, எத்தனை முறை?

எல்லாம் வயதையும் நீளத்தையும் பொறுத்தது. 5 செ.மீ.க்கும் குறைவான பொடிசுகளுக்கு தினமும் இரண்டு வேளை. அங்கிருந்து 15 செ.மீ. வரை தினமும் ஒரு வேளை. அதைத் தாண்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள். முழுதாக வளர்ந்துவிட்டால், அதாவது 20 செ.மீ. தாண்டி ஒன்றரை வயதும் ஆகிவிட்டால், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. அவ்வளவுதான். பெரிய ஆக்ஸலாட்டலுக்கு தினமும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த விலங்கு இருக்கிற இருப்புக்கு அது தேவையே இல்லை. நாள் முழுக்க அடியில் படுத்துக்கிடப்பது, எப்போதாவது நாலு அடி நடப்பது, செவுளை ஒருமுறை உதறுவது. இதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும்?

என் வீட்டில் இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. "அக்கா, நேத்தும் ஒண்ணும் போடல, இன்னைக்கும் இல்லையா? பாரு, கண்ணாடிகிட்ட வந்து நிக்குது, பாவம்" என்பான் தம்பி. முத்து வந்து நிற்பது உண்மைதான். யார் பக்கத்தில் போனாலும் வரும். அழைப்புமணி கேட்டால் வாசலுக்கு ஓடும் நாயைப் போல, ஆள் நிழல் தெரிந்தால் சாப்பாடு என்று அதற்குப் பழகிவிட்டது. பசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தின்று முடித்த பத்தாவது நிமிடமும் அதே இடத்தில் அதே முகத்தோடு நிற்கும்.

முகத்தைப் பார்க்கக் கூடாது, வயிற்றைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வயிற்றின் அகலமும் தலையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் சரியான உடல்வாகு. தலை என்றால் செவுளைச் சேர்க்காமல். வயிறு தலையை விட ஒடுங்கி, இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்து, வால் அடிப்பாகம் மெலிந்தால் உணவு போதவில்லை. வயிறு தலையைத் தாண்டிப் புடைத்துக்கொண்டே போனால் ஒரு வேளையைக் குறைக்க வேண்டும். முட்டை சுமக்கும் பெட்டை இந்தக் கணக்கில் வராது, அது இயல்பாகவே அகலமாக இருக்கும். நான் கைபேசியில் மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. போன மாதப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது தண்ணீரின் சூடு. இது குளிர்ந்த ரத்த விலங்கு. வயிற்றில் போனது எவ்வளவு சீக்கிரம் செரிக்கும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. 16 முதல் 18 டிகிரி இதற்கு உகந்தது. அந்தக் குளிரில் ஒரு வேளை உணவு செரித்து வெளியே வர இரண்டு மூன்று நாள்கூட ஆகும். தினமும் போடக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணமே இது: முந்தையது இன்னும் உள்ளே இருக்கிறது. 20ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 24க்கு மேல் போனால் பல ஆக்ஸலாட்டல்கள் தின்பதையே நிறுத்திவிடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, மிச்ச உணவு சீக்கிரம் அழுகும், இருக்கிற அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்பது ஆகாத வேலை. முதலில் தண்ணீரைக் குளிரவைக்க வேண்டும், உணவு அப்புறம்.

இப்போது முத்துவின் கணக்கு: வாரத்தில் மூன்று வேளை. இரண்டு வேளை மண்புழு, வேளைக்கு ஒரு பெரிய புழு. ஒரு வேளை பெல்லட், 5 மி.மீ. அளவுள்ளதில் ஆறோ ஏழோ. கரியனுக்கு தினமும் ஒரு வேளை. ப்ளட்வார்ம் பாதிக் கட்டி, அல்லது மண்புழுவைச் சிறு துண்டுகளாக நறுக்கி மூன்று நான்கு. துண்டின் பருமன் அதன் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். இதற்குப் பல் என்று பெயருக்குத்தான் இருக்கிறது; பிடித்துக்கொள்ள உதவும், கடித்து மெல்ல உதவாது. எதுவானாலும் முழுசாகத்தான் உள்ளே போக வேண்டும்.

மூன்றில் எனக்குப் பிடித்தது மண்புழுதான், அதில் சந்தேகமே இல்லை. பொருள் என்று பார்த்தால் இது ஒரு துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, ஈரமான மக்கு, உள்ளே நெளியும் சில டஜன் புழுக்கள். லேபிள் அழகு கிடையாது, வைட்டமின் பட்டியல் கிடையாது. ஆனால் புரதம் நிறைய, கொழுப்பு குறைவு, மென்மையான உடம்பு, சுண்ணாம்புச் சத்தும் ஓரளவு உண்டு. வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு வேறு எதுவுமே கொடுக்காமல் இதை மட்டும் கொடுத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். விலங்குகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்னொரு வசதி, பெல்லட்டைப் போல உதிராது. தின்னாவிட்டால் முழுசாக எடுத்துவிடலாம்.

வாங்கும்போது எந்தப் புழு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடித்து நீளமாக வளரும் பெரிய மண்புழு வகைதான் வேண்டும். உரம் போடுவதற்கென்று விற்கும் மெல்லிய சிவப்புப் புழுவும் இதே மாதிரிப் பெட்டியில்தான் வருகிறது. அது தொந்தரவு பண்ணினால் மஞ்சளாக ஒரு நீரை விடும், அந்த நீர் கசப்பு. முத்து அதை வாயில் வாங்கியதும் ஒரு நொடி நின்றது. அப்புறம் தலையை இடமும் வலமும் உதறி அரை அடி தூரத்துக்குத் துப்பியது. துப்பிவிட்டுப் பின்வாங்கியபோது அதன் முகத்தில் இருந்த அவமானத்தை எழுத எனக்குத் திறமை போதாது. சில ஆக்ஸலாட்டல்கள் இதையும் ஒன்றும் சொல்லாமல் தின்கின்றன. சிலர் கொதித்த நீரில் சில நொடி முக்கி எடுத்துக் கொடுக்கிறார்கள், அப்போது கசப்பு குறையும். எனக்கு அந்த வேலைக்குப் பொறுமை இல்லை.

தூண்டிலில் மாட்டுவதற்காக விற்கும் புழுவைத் தவிர்க்கிறேன். சிலவற்றில் நிறம் ஏற்றியிருப்பார்கள். மருந்தடித்த தோட்டத்திலிருந்து தோண்டி எடுப்பதும் வேண்டாம். வளர்ப்புப் புழு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

கொடுப்பதற்கு முன்பு புழுவைக் குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசி மண்ணைப் போக்க வேண்டும். நீளமான ட்வீசரில் நடுவாகப் பிடித்து, முத்துவின் மூக்குக்கு முன்னால் இரண்டு விரல் தூரத்தில் காட்டுவேன். கண் பார்வை இதற்கு மந்தம். வாசனையிலும் தண்ணீரின் அசைவிலும்தான் கண்டுபிடிக்கிறது. புழு நெளிய ஆரம்பித்ததும் முத்துவின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பும். முன்கால் ஒன்று தரையிலிருந்து எழும்பி அப்படியே நிற்கும். பிறகு நடப்பதைக் கண் தொடர முடியாது. வாய் திறந்தது தெரியாது, தொண்டை கீழே இறங்கித் தண்ணீரை உள்ளே உறிஞ்சியது தெரியாது. ட்வீசர் முனையில் ஒரு வெடுக், புழுவில் பாதி காணாமல் போயிருக்கும். மீதிப் பாதி உதட்டோரம் தொங்கும். இனி அவசரமே இல்லை. ஒரு விழுங்கல், நீண்ட இடைவெளி, இன்னொரு விழுங்கல். உறிஞ்சிய தண்ணீர் செவுள் இடுக்கு வழியாக வெளியேறும். புழுவில் மண் ஒட்டியிருந்தால் அதுவும் புகையாக அந்த வழியே வரும்.

இந்த உறிஞ்சலால்தான் தொட்டியின் அடியில் கூழாங்கல் ஆகாது என்கிறார்கள். பெல்லட்டுக்கு வாயைத் திறந்தால் பக்கத்தில் கிடக்கும் கல்லும் சேர்ந்து போகும், போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். வெறும் கண்ணாடி அடி, அல்லது மிக நைசான மணல். சாப்பாட்டுக்காக நான் ஒரு தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தை அடியில் வைத்திருக்கிறேன். பெல்லட் எல்லாம் அதற்குள்தான். சுத்தம் செய்வதும் சுலபம்.

பெட்டியைப் பராமரிப்பதில் ஒரு சள்ளை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. செத்த புழு ஒன்று உள்ளே இருந்தால் இரண்டு நாளில் பெட்டி முழுக்க நாறும். வீட்டில் புழு என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் இடம் கேட்பது ஒரு தனிப் பஞ்சாயத்து.

ப்ளட்வார்ம் கட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் செம்புழு இது. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. சின்னச் சின்னக் கட்டியாக அட்டையில் அடைத்து விற்கிறார்கள். குட்டிகளுக்கு நல்ல உணவு. கரியன் இதைப் பார்த்தால் பெல்லட்டைத் திரும்பியும் பார்க்காது. அதுதான் இதில் உள்ள சிக்கலும். கட்டியில் பெரும்பகுதி தண்ணீர். முத்து மாதிரி ஒரு விலங்குக்கு இதை மட்டுமே போட்டு வயிறு நிறைக்கப் பார்த்தால் கட்டி கட்டியாகப் போக வேண்டும், சத்தும் ஒருபக்கமாகவே இருக்கும். 10 செ.மீ. தாண்டும்போதே மெல்ல மண்புழுவுக்கு மாற்றிவிடுவது நல்லது. ருசி பழகிவிட்டால் பிறகு பிடிவாதம் பிடிக்கும்.

கட்டியை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். கிண்ணத்தில் கரையவிட்டு, தேநீர் வடிகட்டியில் ஊற்றி, அந்தச் சிவப்புச் சாற்றைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் கொடுங்கள். சாறு உணவு இல்லை, தண்ணீரைக் கெடுக்கும் சமாச்சாரம். கையுறை போட்டுக்கொள்வதும் நல்லது. சிலருக்கு இந்தப் புழு ஒவ்வாமை தரும்; கை அரிக்கும், கண் எரியும், மூக்கு ஒழுகும். காயவைத்த ப்ளட்வார்ம் டப்பா தனியாக விற்கிறது. மிதக்கும். வேண்டாம்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளுக்கு மேலே சொன்ன மூன்றுமே ஆகாது. முதல் சில நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே போதும். அதன்பின் அசைகிற இரை மட்டும்தான் அவற்றின் கண்ணுக்கு உணவு. அசையாதது எதுவாக இருந்தாலும் அது தரைக்குச் சமம். உப்பு நீரில் பொரித்தெடுத்த ஆர்டீமியா என்ற பொடி இறால் வகையின் குஞ்சுகளை நல்ல தண்ணீரில் அலசி தினமும் இரண்டு வேளை கொடுக்க வேண்டும். குறைவாகப் போட்டால் பக்கத்தில் இருக்கும் சகோதரனின் கால் இரையாகிவிடும். கால் திரும்ப முளைக்கும் என்பது ஆக்ஸலாட்டலின் அதிர்ஷ்டம்.

இன்னும் சில பொருள்கள் ஆக்ஸலாட்டல் உணவு என்ற பெயரில் விற்கின்றன, அவற்றை நான் வாங்குவதில்லை. தீனிக்கென்று விற்கும் சின்ன மீன்கள்: ஒட்டுண்ணியை வீட்டுக்குக் கூட்டிவரும், தின்பதற்குள் செவுளையும் கொத்திவிடும், தங்கமீன் வகையில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி வேறு இருக்கிறது. மாட்டு இதயம், கோழி ஈரல்: அந்தக் கொழுப்பு குளிர்ந்த வயிற்றில் சரியாகச் செரிக்காது. மீல்வார்ம் என்ற வண்டுப்புழு: ஓடு கெட்டி. உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய சேற்றுப்புழு குட்டிகளுக்குப் பிடிக்கும், ஆனால் அது வளரும் சாக்கடையை நினைத்தால் எனக்குப் பிடிக்கவில்லை.

உணவோடு சேர்த்து வாங்க வேண்டியவை இரண்டே. ஒன்று நீளமான ட்வீசர், முனையில் ரப்பர் உறை போட்டது. வெறும் உலோக முனையை ஆக்ஸலாட்டல் கவ்வினால் வாய் கிழியும். இரண்டாவது, ரப்பர் குமிழ் வைத்த பெரிய பைப்பெட். உணவு வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை இதில் உறிஞ்சி எடுத்துவிடுவேன், கழிவையும் இதிலேயே. இமை இல்லாத விலங்கு என்பதால் பளிச்சென்ற விளக்கு வெளிச்சத்தில் ஒடுங்கிக்கொள்ளும், மாலையில் விளக்கை அணைத்தபின் வைத்தால் நன்றாகத் தின்கிறது.

சில நாள் தின்னாது. பயப்பட வேண்டாம். நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான ஆக்ஸலாட்டல் இரண்டு வாரம் வரை உணவில்லாமல் இருந்தாலும் தாங்கும். ஆனால் காரணத்தைத் தேட வேண்டும், அதுவும் வரிசைப்படி: முதலில் வெப்பமானி, அடுத்து தண்ணீர்ச் சோதனை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் கடைசியாக எப்போது கழிவு போட்டது என்று பார்க்க வேண்டும். மலம் கட்டியிருந்தாலும் வாயைத் திறக்காது. செவுள் நுனி முன்பக்கமாக மடங்கியிருந்தால், வால்நுனி சுருண்டிருந்தால், அல்லது குட்டி மூன்று நாளாக எதையுமே தொடவில்லை என்றால், புது டப்பா வாங்கப் போகாமல் விலங்கு மருத்துவரிடம் போங்கள். தின்ன மறுப்பதற்கு உணவின் ருசி காரணமாக இருப்பது அபூர்வம்.

ஆக, எதை வாங்குவது? வளர்ந்த விலங்கு ஒன்றே ஒன்று இருக்கிறது, புழுவைத் தொடுவதில் கூச்சம் இல்லை என்றால் மண்புழுப் பெட்டி. கூச்சம் இருக்கிறது என்றால் பெல்லட், ஆனால் லேபிளில் உள்ள அளவை மறந்துவிட்டு. குட்டி என்றால் ப்ளட்வார்மும் நறுக்கிய புழுவும். பெல்லட் டப்பாவில் சின்னதாகவே வாங்குங்கள். ஏழு பெல்லட் வாரம் ஒருமுறை என்றால் பெரிய டப்பா தீர்வதற்குள் அதில் உள்ள மீன் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

கடைசியாக ஒன்று, வெளியூர் போகிறவர்களுக்காக. விடுமுறை உணவுக் கட்டி என்று வெள்ளையாக ஒன்று விற்கிறார்கள். சுண்ணாம்பு மாதிரி ஒரு கட்டிக்குள் தீனியைப் பதித்திருப்பார்கள், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதுவும் மீனுக்கானதுதான். ஆக்ஸலாட்டல் அதைக் கொறிக்காது; அது பாட்டுக்குக் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். ஒரு வாரம் போகிறீர்களா? முத்து மாதிரி வளர்ந்தது என்றால் கிளம்பும் முந்தைய நாள் ஒரு புழு கொடுங்கள், தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள், தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி ஓடுகிறதா என்று பாருங்கள், கிளம்புங்கள். வீட்டில் தம்பி இருந்தால் பெல்லட் டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.